மழைக்கு இறக்கிய காற்று

மழை எட்டு மணிக்குப் பிடித்தது. எட்டேகாலுக்கெல்லாம் டயர் செட்டின் முன்னால் ஏழு லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மழை விழுந்தால் வண்டியைக் காத்துக்காரர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அந்த யார்டில் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம்.

காத்துக்காரர் என்றால் டயர் பார்க்கிறவர். கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அவர்தான் என்றாலும் பெயர் என்னவோ காற்றினால்தான் வந்தது. கம்பெனியில் காற்றை அளக்கிற கேஜ் இருந்தது. அவர் கையில் அது விளையாட்டுச் சாமான். ஒன்றரை முழ இரும்புக் குழாயால் டயரின் விலாவில் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் காதில் விழுந்ததும் "தொண்ணூத்தெட்டு" என்பார். கேஜை வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றேழு காட்டும். அந்த ஒன்று கேஜின் பிழை என்று டிரைவர்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

ஒரு டயருக்கு நூற்றுப் பத்து காற்று என்பது கம்பெனியின் சட்டம். மழை நாளில் காத்துக்காரர் அதை ஆறு சக்கரத்திலும் எழுபத்தைந்துக்கு இறக்கிவிடுவார். டயர் கொஞ்சம் அமுங்கி அகலமாகத் தரையில் படும். அகலமாகப் பட்டால் நன்றாகப் பிடிக்கும் என்பது அவர் கண்டுபிடித்த விஷயம். அவர் முதலில் வேலைக்குப் போனது ஒரு கல் குவாரிக்கு. அங்கே சேற்றில் புதைந்து உறுமிக்கொண்டு நின்ற வண்டிகளையெல்லாம் காற்றை இறக்கித்தான் வெளியே கொண்டுவந்தார். அந்தக் கையோடு இந்த யார்டுக்கு வந்தவர், வந்த முதல் மழையிலேயே இதை ஆரம்பித்தார். இதற்கு மழைக்காத்து என்று பெயரும் விழுந்துவிட்டது. ஆபீஸுக்குத் தெரியாது. அவர் வைத்திருந்த டயர் புக்கில் மழையானாலும் வெயிலானாலும் நூற்றுப் பத்து என்றுதான் எழுதியிருக்கும்.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் தாராளமா இறக்குங்க. வெறும் மெத்தை லோடு, வண்டி குதிரை மாதிரி குதிக்குது" என்று மீசைக்காரர் கீழே குதித்தார். யார்டிலேயே பெரிய மீசை அவருடையது. டீ குடித்தால் பாதி டீ அதற்குத்தான் போகும்.

"மெத்தை ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு என்னய்யா குறை?"

"குறையே அதான். அத்தனை மெத்தையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு தூங்காம போகணும் பாருங்க. எந்தத் தொழில்ல இருக்கு இந்தக் கொடுமை?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காத்துக்காரர் வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்து அவர் முகத்தில் ரப்பர் வாசனையோடு அடித்தது. பக்கத்து ஆலையில் செய்கிற மெத்தைகளைத்தான் அந்த யார்டின் வண்டிகள் ஏற்றிப் போகும். வண்டி வானத்தை முட்டுகிற மாதிரி நிறைந்திருக்கும். எடை போட்டால் காலி வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கடைசியாக நின்றது காத்துக்காரருடைய மச்சினன் வண்டி. மனைவிக்குத் தம்பி. கல்யாணமாகி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன், இன்றைக்கு நாற்பது வயசாகியும் அதே வீட்டில் அதே முன்அறையில் இருக்கிறான்.

"என்ன மாப்ள, எழுபத்தஞ்சு போதுமா?"

"உங்க இஷ்டம் மாமா" என்றான் மச்சினன். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒன்பதரைக்கு ஏழு வண்டியும் கேட்டைத் தாண்டிப் போயின.

பதினொரு மணிக்கு, வண்டி எடுக்காத டிரைவர்களையெல்லாம் செட்டுக்குள் கூட்டிவைத்து தண்ணியம்மா வகுப்பு எடுத்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் கம்பெனி வைத்த பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயசு இருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் ஒரு அட்டை. வந்த நாளிலிருந்து அவள் பேசியதெல்லாம் ரோட்டில் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான். தண்ணீர் மேல் டயர் ஏறி வண்டி படகு மாதிரி போவதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னாள். டிரைவர்கள் அதை மிதப்பு என்று சுருக்கிக்கொண்டார்கள். அவளுக்குத் தண்ணியம்மா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"மிதப்பு வந்துடுச்சுன்னா ஸ்டீயரிங் உங்க கையில இருக்கும், வண்டி உங்க கையில இருக்காது. பிரேக்கை மிதிச்சீங்கன்னா முடிஞ்சது கதை" என்றாள். "வந்தப்புறம் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. வராம இருக்கத்தான் பண்ணணும். வேகம், டயர் பட்டன் தேயாம இருக்கறது, காத்து. இந்த மூணுதான். லோடு இல்லாத வண்டிதான் முதல்ல மிதக்கும், அது ஞாபகம் இருக்கட்டும்."

"அப்போ எங்க வீட்டுக்காரியை ஏத்திக்கிட்டுப் போறேன் மேடம். நல்ல லோடு" என்றான் ஒருத்தன்.

"அவங்க வரமாட்டாங்க. நீங்க ஓட்டுற லட்சணம் அவங்களுக்குத் தெரியும்" என்றாள் தண்ணியம்மா. செட் அதிர்ந்தது.

காத்துக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பஞ்சரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காது அங்கே இல்லாத மாதிரி பாவனை.

"அண்ணே, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று அவள் கூப்பிட்டாள். மூலையில் நின்ற காலி லாரியின் முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றச் சொன்னாள். டயரில் பழைய எண்ணெயைத் தடவினார்கள். கீழே மெத்தைப் பெட்டியின் அட்டையை விரித்துச் சக்கரத்தை அதன்மேல் இறக்கி மறுபடி தூக்கினார்கள். அட்டையில் டயரின் தடம் கறுப்பாக விழுந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி. வரிவரியாகப் பள்ளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

"இது நூத்திப் பத்து. இப்போ காத்தை இறக்குங்க. ஒரு எழுபத்தஞ்சு வைங்க."

காத்துக்காரருக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எப்படி அந்த எண் வாயில் வந்தது? முகத்தைப் பார்த்தார். அவள் சும்மாதான் சொல்லியிருந்தாள்.

இறக்கினார். புது அட்டை போட்டு, சக்கரத்தை விட்டு, தூக்கினார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை.

இரண்டு ஓரங்களிலும் கன்னங்கரேலென்று இரண்டு பட்டை. நடுவில் வெளிறிப்போய் ஏதோ தடவின மாதிரி ஒரு சாயம். நூற்றுப் பத்தில் வாய் திறந்திருந்த பள்ளங்கள் நடுவில் வாய் மூடிக் கிடந்தன. காற்றுக் குறைந்த டயர் நடுவில் தூக்கிக்கொண்டு ஓரங்களில் மட்டும் நின்றிருக்கிறது.

தண்ணியம்மா அந்த வெளிறின இடத்தில் விரலை வைத்தாள். "முன்னாடி இருந்து தண்ணி வருது. ரெண்டு ஓரமும் இறுக்கமா அடைச்சிருக்கு. நடுவுல பள்ளமும் மூடியிருக்கு. தண்ணி எந்த வழியா வெளியே போகும்? போகாது. டயரைத் தூக்கிடும்."

"மழையில காத்தைக் குறைச்சா பிடிக்கும்னு சொல்றாங்களே" என்று ஒரு டிரைவர் காத்துக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சேத்துல, மணல்ல பிடிக்கும். வேகமா ஓடுற தார் ரோட்டுல பிடிக்காது."

இருபத்திரண்டு வருஷமாக மழைக்காலம் முடிந்து கழற்றுகிற டயர்களில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் புதுசாக இருக்கும். அதை டிரைவர்களிடம் காட்டி, "பாருய்யா, ரெண்டு பக்கமும் எப்படிப் பிடிச்சு ஓடியிருக்கு!" என்று பெருமையடித்த வாய் அவருடையது. நடு ஏன் தேயவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாரா? நடு தரையிலேயே படவில்லை. அதான் தேயவில்லை.

கையில் இருந்த ஜாக்கி கம்பியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். வெளியே தகர ஓட்டின் மேல் மழை வலுத்தது. ஏழு வண்டிகளும் இந்நேரம் பெரிய ரோட்டில் ஏறியிருக்கும்.

தண்ணியம்மா தன் அறைக்குப் போனதும் பின்னாலேயே போனார். வாசலில் நின்றார். ஈரக் காலோடு உள்ளே போகலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி ஒரு நிமிஷம் நின்றார்.

"மேடம், இன்னிக்குப் போன வண்டியில ஏழு வண்டிக்கு நூத்திப் பத்து இல்ல."

"புக்குல நூத்திப் பத்துன்னு இருக்கே அண்ணே. காலையிலதானே பாத்தேன்."

"புக்குல எழுதினது நான்தானே."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. நாற்காலி பின்னால் நகர எழுந்தாள். "எவ்வளவு?"

"எழுபத்தஞ்சு. ஆறு சக்கரமும்."

"அய்யோ அண்ணே" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மேஜைமேல் இருந்த திரையைத் திருப்பினாள். ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளியாக ரோட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேகம் காட்டியது. எழுபத்தாறு. எண்பத்தொன்று. எழுபத்தொன்பது.

"போன் பண்ணுங்க மேடம்."

"எடுக்கமாட்டாங்க. ஓட்டும்போது போனை டப்பாவுல போட்டுப் பூட்டணும்னு நான்தான் சட்டம் போட்டேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பங்க், டோல்கேட், எல்லாத்துக்கும் போன் பண்ணி வண்டி நம்பரைச் சொல்லி நிறுத்தச் சொல்றேன். அந்த ஏழு நம்பரைச் சொல்லுங்க."

காத்துக்காரர் வாயைத் திறந்தார். "முன்னாடி இடது பக்கம் புது டயர் போட்ட வண்டி ஒண்ணு. பின்னாடி உள்சக்கரத்துல ரெண்டு பேட்ச் போட்டது ஒண்ணு..."

"நம்பர் அண்ணே, நம்பர்!"

நம்பர் அவருக்குத் தெரியாது. வண்டியை நெற்றியில் பார்த்துப் பழகியதே இல்லை. டயரைக் காட்டினால் எந்த வண்டி, எந்தச் சக்கரம், எப்போது மாட்டினது என்று சொல்லிவிடுவார். நம்பர் தெரிந்த ஆள் யார்டில் ஒருத்திதான். தார்ப்பாய் கிழிசல் தைத்து, ஒவ்வொரு தார்ப்பாயிலும் அந்தந்த வண்டியின் நம்பரை வெள்ளை நூலில் தைத்துக் கொடுக்கிறவள். அவர் மனைவி.

தார்ப்பாய்க் கொட்டகைக்கு மழையில் ஓடினார். அவள் நனைந்த தார்ப்பாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, எந்திரிச்சு வா."

"சாப்பாடு பையில இருக்கு. முட்டையும் ரொட்டியும். எடுத்துத் தின்னுங்க. நான் இப்போ வரமுடியாது."

"சாப்பாடு இல்ல. வண்டி நம்பர் வேணும். காலையில போன ஏழு வண்டியோட நம்பர்."

"எதுக்கு?"

நடந்துகொண்டே சொன்னார். மூச்சு வாங்கியது. சேறு, குவாரி, தார், அட்டை, நடுவில் வெள்ளை என்று முன்பின்னாக வந்தது. அவள் கொட்டகைக்கும் ஆபீஸுக்கும் நடுவில், மழையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏழுல ஒண்ணு என் தம்பி வண்டி" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இவ்வளவு நிதானமா நடக்குறீங்களா?" என்று அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

அவர் டயரைச் சொல்ல, ராத்திரி ராத்திரி அந்த டயர்க் கதையைக் கேட்டுப் பழகிய அவள் நம்பரைச் சொல்ல, தண்ணியம்மா போனில் கத்தினாள். "மெத்தை வண்டி... ஆமா, மஞ்சள் கேபின்... நிறுத்திக் காத்து ஏத்தச் சொல்லுங்க, நூத்திப் பத்து... ஏத்துற வரைக்கும் நாற்பதுக்கு மேல போகவேண்டாம்னு சொல்லுங்க." ஒரு வண்டி டோல்கேட்டில் நின்றது. இன்னொன்றை டீசல் பங்கில் பிடித்தார்கள். மூன்று, நான்கு. ஐந்தாவது டிரைவர் தானே திருப்பிக் கூப்பிட்டான். "மழைக்காத்தை ஏத்தணுமா? யாரு சொன்னா? காத்துக்காரர்கிட்ட கேட்டீங்களா?" என்றான். அவர் போனை வாங்கி, "நான்தான்யா சொல்றேன், ஏத்துய்யா!" என்று கத்தவேண்டியிருந்தது.

மீதி இரண்டு. மீசைக்காரர், மச்சினன். இரண்டும் ஒரே ரோட்டில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் அடுத்த பங்க்குக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.

காத்துக்காரர் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனார், திரைப் பக்கம் வந்தார், கதவைத் திறந்தார், மூடினார். "ஒரு இடத்துல நில்லுங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. அவள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முந்தானை நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்து முடிந்திருந்தது.

முன்னால் போன புள்ளி நின்றது. மீசைக்காரர் வண்டி. பக்கத்தில் எழுபத்தெட்டு என்று இருந்த எண் ஒரே தாவலில் பூஜ்யம் ஆனது.

"டீக்கு நிறுத்தியிருப்பாரு" என்றார் காத்துக்காரர். டீக்கு நிறுத்துகிற வண்டி எழுபத்தெட்டிலிருந்து அறுபதுக்கு வரும், முப்பதுக்கு வரும், அப்புறம்தான் நிற்கும்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த புள்ளியும் அதே இடத்துக்கு வந்து மெல்ல நின்றது. மனைவி சத்தம் போடாமல் அவர் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

நாலு நிமிஷம் கழித்து தண்ணியம்மாவின் போன் அடித்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள். முதலில் மழைச் சத்தம். பிறகு மச்சினன்.

"மேடம், மீசை அண்ணன் வண்டி கவுந்துடுச்சு. சுத்திக்கிட்டுப் போய்ப் பக்கத்துப் பள்ளத்துல சாஞ்சிருக்கு. ஆளு நல்லா இருக்காரு. பேசுறாரு. தோள்பட்டை உடைஞ்சிருக்கும்போல. ரோடு பூரா மெத்தை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"டேய், உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அக்கா கத்தினாள்.

"நீ எப்படிக்கா அங்க? எனக்கு ஒண்ணும் இல்ல."

காத்துக்காரர் போனுக்குக் கிட்டே குனிந்தார். "மாப்ள, நீ இனிமே வண்டியை எடுக்காதே. உன் டயர்ல காத்து கம்மி. நான் தப்புப் பண்ணிட்டேன். மிதந்துடும்."

"மாமா... என் வண்டியில நூத்திப் பத்து இருக்கு."

"நான்தானே இறக்கினேன்."

"இறக்கினீங்க. நான் முக்குப் பங்க்ல ஏத்திக்கிட்டேன். எப்பவும் ஏத்திக்குவேன்."

"எப்பவும்னா?"

"ஆறு வருஷமா." மச்சினன் தொண்டையைச் செருமினான். "பாலத்துல கவுந்துச்சே ஒரு வண்டி. அதை இழுக்க நானும் போயிருந்தேன். டயரைத் தொட்டுப் பாத்தேன், பஞ்சு மாதிரி இருந்துச்சு. எனக்கு என்னமோ சரியாப் படல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வீட்டுல உங்க சாப்பாட்டைத் தின்னுக்கிட்டு, அத்தனை பேருக்கு முன்னாடி உங்க கைக்கு மேல ஒரு கை வைக்கச் சொல்றீங்களா? இப்போ மீசை அண்ணன் டயரையும் தொட்டேன். அதே மாதிரிதான் இருக்கு."

பாலத்தில் கவிழ்ந்த வண்டியின் டிரைவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மீசைக்காரருக்கு மைத்துனர். மீசைக்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அவர் காலி பண்ணிய இடத்துக்குத்தான் கம்பெனி மீசைக்காரரை வேலைக்கு வைத்தது.

தண்ணியம்மா அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தாள். புரட்டினாள். "டயர் நல்ல நிலை, காத்து நூத்திப் பத்து. அதிவேகத்தால் விபத்து. டிரைவர் தவறு" என்று படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நான் இதெல்லாம் எழுதித்தான் ஆகணும் அண்ணே."

"எழுதுங்க மேடம்."

மூன்று மணிக்கு கம்பெனி ஜீப்பில் கிளம்பினார்கள். தண்ணியம்மா முன்னால், புருஷனும் மனைவியும் பின்னால். டிரைவர் அறுபதைத் தாண்டவில்லை. ரோட்டோரம் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. ஒவ்வொரு தகட்டையும் காத்துக்காரர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவன் என்மேல உள்ள மரியாதையில சொல்லாம இருந்துட்டான்" என்றார் பாதி வழியில்.

"மரியாதையாம் மரியாதை" என்று மனைவி வெடித்தாள். "இவரு அத்தனை வருஷமா மரியாதையா இறக்குவாராம், அவன் முக்குக்குப் போய் மரியாதையா ஏத்திக்குவானாம். உங்க ரெண்டு பேரு மரியாதைக்கும் நடுவுல மீசைதானே எலும்பு உடைஞ்சு கெடக்காரு? அவரு என்ன பாவம் பண்ணாரு? எனக்குத் தம்பி பொழச்சதுல சந்தோஷப்படவா, அவனை நாலு அறை அறையவான்னு தெரியல. உங்களை அப்புறம் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். நீளமான கூடத்தில் இருபது கட்டில். கடைசிக் கட்டிலில் மீசைக்காரர் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். மீசையில் காய்ந்த சேறு. பக்கத்தில் அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் சுவரோரம் நின்றான். மாமாவைக் கண்டதும் பார்வையைத் தரையில் போட்டான்.

"வாங்கண்ணே!" என்று மீசைக்காரர் நல்ல கையை நீட்டினார். காத்துக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க கை காத்துதான்ணே இன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு. ஸ்டீயரிங் சும்மா காத்தாடி மாதிரி சுத்துது, வண்டி தண்ணி மேல பறக்குது. மழைக்காத்து மட்டும் இல்லேன்னா நேரா எதிர்ல வந்த பஸ்ல போய்ச் செருகியிருக்கும். உங்க புண்ணியத்துல பள்ளத்தோட போச்சு."

காத்துக்காரர் நின்றார். இப்படியே ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். தண்ணியம்மா வராந்தாவில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் எழுதுவது எழுதட்டும். இந்தக் கட்டிலில் இவர் கொண்டாடுவது கொண்டாடட்டும். பிடித்த கையை மீசைக்காரர் இன்னும் விடவில்லை. அந்தச் சூடு தாங்கமுடியவில்லை.

"அப்படி இல்லய்யா. மழைக்காத்தாலதான் நீ மிதந்தே. நான்தான் உன்னை மிதக்க விட்டேன்."

"யாரு, தண்ணியம்மா சொல்லச் சொன்னாங்களா?" மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புரியுதுண்ணே. உங்களை மாட்டிவிடப் பாக்குறாங்க. யாரு வந்து கேட்டாலும் காத்து நூத்திப் பத்துன்னு சொல்லிடறேன். நீங்க பயப்படாதீங்க."

"சேத்துக்குப் பாத்த வைத்தியத்தைத் தாருக்குப் பாத்துட்டேன்யா. இத்தனை வருஷமா தப்புத் தப்பா..."

"அட விடுங்கண்ணே, நீங்க ஒண்ணு."

ஆரஞ்சு உரித்த கை நின்றுவிட்டது. மீசைக்காரர் மனைவி காத்துக்காரரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமாண்ணே?"

"இருபத்திரெண்டு வருஷம்மா."

"எங்க அண்ணன் போன அன்னிக்கும் மழை."

"அதை எதுக்குடி இப்போ இழுக்குறே?" என்றார் மீசைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு யாருண்ணே காத்து பாத்தது?"

சுவரோரம் மச்சினன் ஒரு எட்டு முன்னால் வந்தான். காத்துக்காரரின் மனைவி அவனைக் கையால் தடுத்தாள்.

"நான்தாம்மா. காலையில ஆறு மணி. முன் வலது டயர் அப்பத்தான் புதுசா மாட்டியிருந்தேன். ஆறுலயும் இறக்கினேன். புக்குல நூத்திப் பத்துன்னு எழுதினேன்."

மீசைக்காரர் பிடித்திருந்த கையை விட்டார்.

மீசைக்காரர் மனைவி மடியில் இருந்த ஆரஞ்சுத் தோலையெல்லாம் பொறுக்கி ஒரு காகிதத்தில் போட்டு மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "வேகமாப் போய் செத்தான்னு எழுதிட்டாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே செத்தாங்க. அப்படி என்னடா அவசரம், அப்படி என்னடா அவசரம்னு. நானும் திட்டியிருக்கேன். அவன் மழையில அறுபதைத் தாண்டமாட்டான்ணே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திட்டினேன்."

"அவரு என்ன வேகத்துல போனாருன்னு எனக்குத் தெரியாதும்மா. காத்து நூத்திப் பத்து இல்ல. அது மட்டும் தெரியும்."

"தெரிஞ்சதை எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நாளைக்கு எவனும் நம்பமாட்டான். இவரே நம்பமாட்டேங்குறாரு."

கட்டிலின் தலைமாட்டில் எக்ஸ்ரே கவர் இருந்தது. அகலமான பழுப்புக் கவர். உள்ளே இருந்த படத்தை எடுத்துப் புருஷன் மடியில் போட்டுவிட்டு, கவரைத் திருப்பி நீட்டினாள். நர்ஸ் மேஜையிலிருந்து மச்சினன் பேனா வாங்கிவந்தான்.

காத்துக்காரர் கட்டிலின் விளிம்பில் கவரை வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். டயர் பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நாள் எழுதினார். அவள் அண்ணன் பெயரை எழுதினார். 'காற்று எழுபத்தைந்து. இறக்கினது நான். புக்கில் உள்ளது பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்துகொண்டார். வெளியே பார்வையாளர் நேரம் முடிந்ததென்று யாரோ மணி அடித்தார்கள். காத்துக்காரர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்கண்ணே" என்றாள் அவள். கவரை அவர் முன்னால் மறுபடி வைத்தாள். "கீழே நிறைய இடம் இருக்கு. இருபத்திரெண்டு வருஷத்துல எங்க அண்ணன் மட்டும்தானா?"

கவிழ்ந்த வண்டிகளில் அவருக்கு ஒரு டயர்கூட மறந்திருக்கவில்லை. மறுபடி மண்டியிட்டார்.